ஒறம்பரை

மூலனூருக்குத் தெற்கே
முருங்கைக் காட்டு வரப்பில்
ஏழு பெட்டி வைத்திருக்கிறேன்.
ஆறு என்று சொல்லவேண்டும் இப்போது.

பொழுது சாய்ந்து கிளுவை வேலி கருக்கும்போது
பகலெல்லாம் வெயிலில் கிடந்த பெட்டிகள்
மூச்சு விடும்.
மெழுகு, பழைய அடை, புளித்த மகரந்தம்,
பத்தாயிரம் இறக்கை விசிறிய தேனின் ஈரம்,
எல்லாம் சேர்ந்து ஒரு கயிறு.
காற்று அதைத் தாராபுரம் சாலைவரை
இழுத்துக்கொண்டு போகும்.

நாலடி தள்ளி நின்றால் எனக்கு ஒன்றுமில்லை.
அந்துப்பூச்சிக்கு அந்த நுனி போதும்.
சாம்பல் நிறம், நகத்தளவு உடம்பு,
மீசையை முன்னே நீட்டி
வளைந்து வளைந்து வருகிறது.
கயிறு அறுந்தால் குறுக்கும் நெடுக்கும் பறக்கிறது,
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டியைத் தடவும் கை மாதிரி.
பிடித்துவிடுகிறது மறுபடி.

அதற்கு வாசல்கூட வேண்டாம்.
மூடி விரிசலில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும்.
பலமில்லாத பெட்டி எது என்று
எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்திருக்கிறது.
ஏழாவதை நான் திறந்தபோது
அடை முழுக்க நூலாம்படை,
உள்ளே புழு தோண்டிய சுரங்கம்.
ஈக்கள் எழுந்து போயிருந்தன,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அது திருட்டு. திருட்டு புரிகிறது.
புரியாதது இன்னொன்று.

பக்கத்து எள்ளுக்காடு பூத்திருந்த சித்திரையில்
ஒரு ராத்திரி பெட்டிக்குள் ஏதோ கீச்சிட்டது.
சுண்டெலி என்று நினைத்து
செல்போன் வெளிச்சத்தில் மூடியைத் தூக்கினேன்.
கட்டைவிரல் தடிமனில் ஒரு பூச்சி,
முதுகில் மண்டையோடு,
அடைமேல் சம்மணமிட்ட மாதிரி உட்கார்ந்து
தேன் குடித்துக்கொண்டிருந்தது.
சுற்றிலும் என் ஈக்கள்.
என் கையில் வேர்வை நாறினாலே கொட்டுகிற ஈக்கள்.
ஒருத்தி அதன் காலை மோந்து பார்த்தாள்,
வழி விட்டாள்.

கோயமுத்தூரில் பயிற்சி கொடுத்த மேடம் சொன்னார்:
அது ஈயைப் போலவே மணக்குமாம்.
இருட்டில் கண்ணுக்கு வேலையில்லை, ராயாத்தா.
மணம்தான் ஊர், மணம்தான் பேர்.

போன வருசம் வந்தவன்
கூப்பிட்ட முதல் வார்த்தை "ஏனுங்க்கா".
கன்னிவாடிப் பக்கம் என்றான்.
என் அம்மா ஊரில் எந்த வளைவில்
எந்த வேம்பு விழுந்தது என்று சொன்னான்.
குலசாமி பேரைச் சரியாகச் சொன்னான்.
கம்மங்கூழுக்கு மோர் இன்னும் கொஞ்சம்
கேட்டு வாங்கிக் குடித்தான்.
நாற்பத்திரண்டு கிலோ தேன்.
வெள்ளிக்கிழமை பணம் போட்டுவிடுவதாக
அவன் சொன்னபோது
நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன்.

ரசீது கேட்டது என் வீட்டுக்காரர் மட்டும்.
திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பதினாலு வருசம்,
மூக்கு செத்துப்போன மனுசன்.
சோறு தீய்ந்தாலும் தெரியாது,
நான் பூ வைத்திருந்தாலும் தெரியாது.
"ஒறம்பரைகிட்டப் போயி ரசீதா" என்று
அவரைத்தான் அதட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை.

இப்போது வாசலுக்குத் தகரம் அடித்திருக்கிறேன்,
ஓர் ஈ நுழையும் துளை.
மண்டையோட்டுக்காரனுக்குத் தோள் இடிக்கும்.
விரிசலுக்குச் சாணியும் செம்மண்ணும்.
அந்து அதற்கும் ஒரு வழி பார்க்கும்,
பார்க்கட்டும்.

கருக்கலில் இருவரும் போகிறோம்.
மூக்கில்லாதவர் ஒவ்வொரு பெட்டியிலும்
காதை வைக்கிறார், கதவுக்குப் பின்னால்
பேச்சுக் கேட்பவர் போல.
"நாலாவதுல சத்தம் கம்மி" என்கிறார்.
நான் குனிந்து மோந்து பார்க்கிறேன்.
நல்ல தேன் மணம்.
ஒரு குறையும் இல்லாத மணம்.

அதனால்தான்
மூடியைத் திறக்கிறேன்.